கீசரில் வெந்நீர் வரவில்லையா? காயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்

கீசர் வெந்நீர் தராமல் போனால் கேட்கிற முதல் தீர்ப்பு "காயில் போயிடுச்சு" என்பதுதான். சிலர் "உப்பு அடைச்சுக்கிச்சு, அதான் சூடே ஏறல" என்பார்கள். காயில் போவதும் உண்டு, உப்பு படிவதும் உண்டு. ஆனால் இவை தவிர வேறு பல காரணங்களாலும் தண்ணீர் சூடாகாமல் இருக்கலாம். சில காரணங்கள் ஒரு திருகாணியை இறுக்கினாலே தீர்ந்துவிடும். சில, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்பவை. எல்லாவற்றையும் ஒரே தீர்ப்பில் அடக்கிவிட்டால் நல்ல காயிலைக் கழற்றி எறிவோம், பழுதான பாகம் உள்ளேயே இருக்கும், புதுக் காயிலும் அதே கதிக்கு ஆளாகும்.

தொட்டி உள்ள மின்சார கீசருக்குள் என்ன நடக்கிறது, எங்கே அறுந்தால் என்ன அறிகுறி தெரியும் என்பதை இங்கே பார்ப்போம். இதைப் படித்தவுடன் எல்லோரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. ஆனால் அவர் எதைச் சோதிக்கிறார், எதைச் சோதிக்காமலே மாற்றச் சொல்கிறார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே இருப்பவை

வெளி மூடிக்குள் ஒரு தொட்டி, அதைச் சுற்றி சூடு வெளியே போகாமல் தடுக்கும் நுரை. குளிர்ந்த நீர் தொட்டியின் அடிப்பகுதியில் நுழைகிறது. சூடான நீர் எடை குறைந்து மேலே ஏறுவதால், வெளியே போகும் குழாய் தொட்டியின் உச்சியிலிருந்து நீரை எடுக்கிறது. குழாயைத் திறந்ததும் கீழே நுழையும் குளிர்ந்த நீர், மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி அனுப்புகிறது.

சூடேற்றும் பாகம்தான் எலிமென்ட். பேச்சுவழக்கில் காயில். வெளியே தெரிவது ஒரு உலோகக் குழல். அதன் நடுவில் நிக்ரோம் என்ற நிக்கல், குரோமியம் கலந்த கம்பி ஓடுகிறது. ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செக்கச் சிவந்து காய்ந்தாலும் எளிதில் துருப்பிடித்து உதிராது என்பது இந்தக் கலவையின் பெருமை. கம்பிக்கும் குழலுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கமாக அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. கம்பியில் மின்சாரம் ஓடியும் தண்ணீரில் ஷாக் இல்லாமல் இருப்பதற்கு இந்தத் தூள் காரணம்.

இன்னும் இரண்டு பாகங்கள். நீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மறுபடி கொடுப்பது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் தவறி, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டுவது கட்-அவுட். முன்னது தினமும் வேலை செய்யும். பின்னது வேலை செய்யவே வராமல் இருந்தால்தான் கீசர் நலமாக இருக்கிறது என்று பொருள்.

செயினில் ஒரு கண்ணி அறுந்தால்

சைக்கிளில் பெடலை மிதித்தால் பின்சக்கரம் சுழல்கிறது. நடுவில் இருப்பது செயின். அதன் மேல்பகுதி சக்கரத்தை இழுக்கிறது, கீழ்ப்பகுதி பெடல் பக்கம் திரும்பி வருகிறது. மேலேயோ கீழேயோ எந்தக் கண்ணி அறுந்தாலும் வண்டி நகராது. பெடல் நன்றாக இருக்கலாம், சக்கரமும் நன்றாக இருக்கலாம், அதனால் பயனில்லை.

கீசரின் மின்சுற்றும் இப்படி ஒரு வளையம்தான். பேஸ் கம்பி வழியாக வரும் மின்சாரம் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), சுவர் சுவிட்ச், கட்-அவுட், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் தாண்டி எலிமென்ட்டுக்குள் ஓடி, நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்புகிறது. ஏசி மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவதால் "போவது, வருவது" என்பது வசதிக்காகச் சொல்வதுதான். ஆனால் வளையம் முழுமையாக இருந்தால்தான் சூடு என்பதில் மாற்றமில்லை. எலிமென்ட் அந்த வளையத்தில் ஒரு கண்ணி, அவ்வளவே.

மிதிக்கிற அழுத்தம் வேறு, செயின் ஓடுவது வேறு. செயின் அறுந்த சைக்கிளிலும் பெடலைக் காலால் அழுத்த முடியும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்டேஜ், ஓட்டத்துக்குப் பெயர் கரண்ட். தண்ணீரைச் சூடாக்குவது கரண்ட். "லைன் வருது, ஆனா சூடு வரல" என்று குழம்புகிறவர்கள் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஓட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: சூடு வர வேண்டுமானால் வளையம் எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். பழுது பார்ப்பது என்றால் அறுந்த கண்ணி எது என்று கண்டுபிடிப்பது.

எரியும் விளக்கு சொல்வது என்ன?

கீசரின் முகப்பில் இருக்கும் சிறு விளக்குதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். "லைட் எரியுது, அப்ப கீசர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பல கீசர்களில் அந்த விளக்கு எலிமென்ட்டோடு இணையாகக் கட்டப்பட்டிருக்கும். அதாவது எலிமென்ட்டுக்கு வரும் அதே இரு முனைகளிலிருந்து அதுவும் மின்சாரம் எடுக்கிறது. எலிமென்ட்டுக்குள் கம்பி அறுந்துபோனாலும் விளக்கு தன் பாட்டுக்கு எரியும். அதற்குத் தேவை மிகச் சொற்பமான கரண்ட். 2000 வாட் எலிமென்ட்டோ 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்க வேண்டும்.

எதையும் கழற்றாமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டியில் நீர் ஆறியிருக்கும்போது கீசரை மட்டும் போடுங்கள். மின்சார மீட்டரில் சிமிட்டும் சிறு விளக்கைப் பாருங்கள். எலிமென்ட் கரண்ட் இழுத்தால் அது படபடவென்று சிமிட்டும். கீசரின் சூடேற்றும் விளக்கு எரிந்தும் மீட்டர் அசையவில்லை என்றால் பழுது எலிமென்ட்டிலோ அதன் இணைப்பிலோதான். விளக்கும் எரியவில்லை, மீட்டரும் அசையவில்லை என்றால் அறுந்த கண்ணி அதற்கு முன்னால் இருக்கிறது. மீட்டர் வேகமாகச் சிமிட்டுகிறது, ஆனால் குழாயில் வெந்நீர் இல்லை என்றால் பெரும்பாலும் இது மின்சாரப் பழுதே இல்லை. அதை அடுத்துப் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. சில கீசர்களில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று மின்சாரம் வந்ததைக் காட்டும், மற்றது தெர்மோஸ்டாட்டைத் தாண்டி எலிமென்ட் பக்கம் வந்ததைக் காட்டும். எது எது என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

நியான் டெஸ்டரும் இதே போலத்தான். பேஸில் வைத்தால் எரியும், ஆனால் நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும். வோல்டேஜையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டர் இந்த ஏமாற்றத்தைப் பிடித்துவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் காட்டுகிறது, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றும் காட்டவில்லை என்றால் அறுந்திருப்பது நியூட்ரல்.

தண்ணீர் சூடாகிறது, குழாய்க்கு வரவில்லை

கீசர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, குழாய்ப் பாதையில் குளிர்ந்த நீர் கலந்துவிடுவது பலரும் யோசிக்காத காரணம். வெந்நீரும் தண்ணீரும் சேரும் மிக்ஸர் குழாயின் உள் வால்வு தேய்ந்தால், அழுத்தம் அதிகமுள்ள குளிர்ந்த நீர் வெந்நீர்ப் பாதைக்குள் தாவும். இதற்கான சோதனை எளிது. கீசரை அணைத்துவிட்டு அதற்குள் நீர் நுழையும் வால்வை மூடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். உள்ளே வர நீர் இல்லாததால் ஓட்டம் சற்று நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால், அந்த நீர் கீசர் வழியாக வரவில்லை. காயில் மாற்றினால் இது தீராது. பிளம்பர்தான் வேண்டும். சோதனை முடிந்ததும் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

புதிதாகப் பொருத்திய கீசர் என்றால் உள்வரும் குழாயும் வெளிப்போகும் குழாயும் இடம் மாறியிருக்கலாம். அப்போது குளிர்ந்த நீர் உச்சியில் கொட்டி வெந்நீரோடு கலக்கும், வெளியே எடுக்கப்படுவது அடியில் இருக்கும் நீராக இருக்கும். தொட்டி நிறைய சூடு இருந்தும் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும்

கீசரைத் திறந்து பார்க்கும் முன்பே இந்த இரண்டைப் பற்றி அறிகுறிகள் நிறையச் சொல்லிவிடும். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் கருகித் தொடாமல் போனால் எலிமென்ட்டுக்கு மின்சாரமே போகாது. நேர்மாறாக, முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்கவே நிற்காது. நீர் கொதிநிலையை நோக்கிப் போகும். அப்போது கட்-அவுட் குறுக்கே வந்து வெட்டிவிடும்.

ஆகவே, "நேற்று வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வந்தது, இன்று பச்சைத் தண்ணீர்" என்று யாராவது சொன்னால் காயிலைத் தொடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தை எலக்ட்ரீஷியனிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

பல கட்-அவுட்களில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பின் அதை அழுத்தினால் கீசர் உயிர் பெறும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று மூடியை மாட்டிவிடுகிறார்கள். கட்-அவுட் ஒரு முறை வெட்டியதென்றால் எங்கோ சூடு எல்லை மீறியிருக்கிறது. தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம், தொட்டியில் நீர் இல்லாமல் ஓடியிருக்கலாம், பக்கத்தில் ஒரு இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கலாம். காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி அழுத்துவது ஆபத்து.

கட்-அவுட்டை அகற்றிவிட்டு இரு கம்பிகளையும் நேராக முறுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை யார் செய்தாலும் ஏற்கக் கூடாது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு ஆகிறது. மூடிய தொட்டிக்குள் அந்த நிலை வந்தால் தொட்டியே வெடிகுண்டாகிவிடும். அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வும் கட்-அவுட்டும் சேர்ந்துதான் அதைத் தடுக்கின்றன.

இதோடு ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தால் நீர் வேகமாகச் சூடாகாது. எலிமென்ட்டின் வாட் மாறுவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டுமே மாறுகிறது.

சாரம்: தெர்மோஸ்டாட் ஆட்டி வைப்பது, கட்-அவுட் காப்பது. கட்-அவுட் வெட்டியிருந்தால் ஏன் வெட்டியது என்பதே முதல் கேள்வி.

எலிமென்ட் உண்மையில் போனதா? அளந்து பாருங்கள்

இதற்கு ஊகம் தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். முதலில் எம்சிபியை அணைக்க வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. வயரிங் தவறாக இருந்தால் அது நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டு பேஸை உள்ளேயே விட்டிருக்கும். மூடியைக் கழற்றியபின், முனைகளில் மின்சாரம் இல்லை என்பதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எலிமென்ட்டின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் இணையாக இருக்கும் மற்ற பாகங்களும் அளவில் கலந்துவிடும்.

வரவேண்டிய மின்தடையை நீங்களே கணக்கிடலாம். வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி, வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் எலிமென்ட்டுக்கு ஏறக்குறைய 26 ஓம். 3000 வாட்டுக்கு 18 ஓம். 240 வோல்ட்டில் ஓடும் 4500 வாட்டுக்கு 13 ஓம். மீட்டர் இதற்கு அருகில் காட்டினால் உள்ளே கம்பி அறுபடவில்லை, அதைக் கழற்றி எறியக் காரணமில்லை. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது.

அடுத்து, ஒரு முனைக்கும் எலிமென்ட்டின் உலோக உடலுக்கும் நடுவே அளக்க வேண்டும். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஏதாவது ஓம் காட்டினால் குழல் வெடித்து, நீர் அந்த மெக்னீசியம் ஆக்சைடு தூளுக்குள் புகுந்திருக்கிறது. கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பாமல் கொஞ்சம் எர்த் பக்கம் கசிந்தால் அதைக் கண்டுபிடித்து வெட்டுவது ஆர்சிசிபியின் வேலை. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியருக்கு அமைத்திருப்பார்கள். அது விழுவதைத் தொல்லையாக நினைத்து அதை நீக்கிவிடுவதும், எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு கீசரை ஓடவைப்பதும் கொலைக்குச் சமம். தண்ணீர் சூடாகும், கூடவே ஷாக்கும் வரும்.

உப்பு சூட்டைத் தின்றுவிடுகிறதா?

கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாக எலிமென்ட் மேல் படிகிறது. வெள்ளையாக, ஓடு போல இருக்கும். நாம் உப்பு என்பது இதைத்தான்.

இந்த ஓடு சூட்டைத் தடுத்து நிறுத்திவிடுகிறது, அதனால் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்பது பரவலான எண்ணம். ஆற்றல் அப்படிக் காணாமல் போக முடியாது. எலிமென்ட் 2000 வாட் இழுக்கிறது என்றால் 2000 வாட் சூடும் எங்காவது போய்ச் சேர வேண்டும். அது தொட்டிக்குள் மூழ்கியிருப்பதால், கொஞ்சம் தாமதமானாலும் நீருக்குள்தான் போகும். நடப்பது வேறு. ஓட்டைத் தாண்டி அதே சூட்டை வெளியேற்ற, உள்ளிருக்கும் கம்பி முன்பைவிட மிக அதிக வெப்பநிலைக்குப் போக வேண்டியிருக்கிறது. குழலும் அதிகம் காய்கிறது, விரிந்து சுருங்கி விரிசல் விடுகிறது. ஒரு நாள் கம்பி அறுகிறது, அல்லது குழலுக்குள் நீர் புகுகிறது. அன்றுதான் வெந்நீர் நிற்கிறது. அதுவரை கீசர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

உப்பு எலிமென்ட்டைக் கொல்கிறது, எலிமென்ட் இல்லாததால் சூடு இல்லை. இந்த வரிசை தெரிந்தால், அறுந்த எலிமென்ட்டின் மேலுள்ள ஓட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுவதால் பயனில்லை என்பதும், நல்ல எலிமென்ட்டாக இருக்கும்போதே அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்வதில்தான் பயன் என்பதும் விளங்கும். அடியில் உதிர்ந்து கிடக்கும் படிவையும் அப்போதே வெளியேற்றிவிட வேண்டும். அது நீருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தளர்ந்த திருகாணி

பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் போதும். தளர்ந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை உருவானால்கூட, 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு முனையில் சுமார் 38 வாட் சூடு பிறக்கும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கு 25 வாட்டே போதும். பிளக் முனை கருப்பது, சாக்கெட் உருகுவது, பிளாஸ்டிக் கருகும் வாடை எல்லாம் இதன் விளைவுகள். கருகிய முனையை இறுக்கினால் போதாது, வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும்.

வோல்டேஜ் குறைவது தனிக் கதை. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் எலிமென்ட் தரும் சூடு சுமார் 61 சதவீதமாகிவிடும். வெந்நீர் வரும், தாமதமாக வரும். அது பழுது அல்ல.

இரண்டு எலிமென்ட் உள்ள பெரிய தொட்டிகள்

உயரமான தொட்டிகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எலிமென்ட்கள் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட். பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மேல் தெர்மோஸ்டாட்டுக்கே முன்னுரிமை. மேல்பகுதி நீர் சூடான பிறகே அது மின்சாரத்தைக் கீழே விடும்.

இதனால் விசித்திரமான விளைவு உண்டாகிறது. கீழ் எலிமென்ட் அறுந்தால் வெந்நீர் வரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேல் எலிமென்ட் அறுந்தால் மேல்பகுதி சூடாகவே சூடாகாது. தன் பகுதி இன்னும் குளிர்ந்திருப்பதாகக் காணும் மேல் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைக் கீழே விடாது. கீழ் எலிமென்ட் முழு நலத்தோடு இருந்தும் சும்மா கிடக்கும், தொட்டி முழுவதும் பச்சைத் தண்ணீர். "ரெண்டு காயிலும் போச்சு" என்று இரண்டையும் மாற்றச் சொல்வது இங்கேதான் நடக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டியே இல்லாத உடனடி கீசருக்கு அளவுகோல் வேறு. 3000 வாட் கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் நீரின் சூட்டை சுமார் 14 டிகிரி உயர்த்தும். 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு "சூடே இல்லை" என்பவர்கள், ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்த பிறகு பழுது பற்றி யோசிக்கலாம்.

மாற்றிய பிறகு

எலிமென்ட்டை மாற்றும்போது, அது தொட்டியோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பரான கேஸ்கெட்டையும் மாற்றிவிட வேண்டும். பழைய ரப்பர் ஒரு முறை அமுங்கிய வடிவத்திலேயே இறுகியிருக்கும், மறுபடி சரியாக அடைக்காது. புது எலிமென்ட்டின் வாட் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். கூடுதல் வாட் போட்டால் வயரும் சுவிட்சும் அந்தக் கரண்டைத் தாங்குமா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் தொட்டி நிறைந்தே ஆக வேண்டும். நீர் சூழாத எலிமென்ட் நொடிகளிலேயே செக்கச் சிவந்து எரிந்துவிடும். புதுக் காயில் மாட்டிய அன்றே போவதற்கு இது வழக்கமான காரணம். உள்வரும் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயையும் திறந்து வையுங்கள். காற்று வெளியேறி, நீர் இடைவிடாமல் சீராகக் கொட்டும் வரை காத்திருங்கள். பிறகு குழாயை மூடி, கேஸ்கெட் ஓரத்தில் கசிவு இல்லை என்று பார்த்து, மூடியை மாட்டி, எர்த் இணைப்பு இறுக்கமாக இருப்பதை உறுதி செய்த பின்பே எம்சிபியைப் போட வேண்டும்.

எவ்வளவு நேரத்தில் சூடாக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோ ஜூல் தேவை. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் எலிமென்ட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஒட்டி, தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும் டக் என்ற சத்தம் கேட்டு, மின்சார மீட்டரின் சிமிட்டல் பழைய வேகத்துக்குத் திரும்பினால் எலிமென்ட், தெர்மோஸ்டாட் இரண்டும் வேலை செய்கின்றன. ஒரு மணி நேரம் ஆகியும் நிற்காமல் ஓடினால் உடனே அணைத்துவிட்டு தெர்மோஸ்டாட்டை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.